கேமரா வருவதற்கு முன்பு

(பெங்களூரில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் "ஆன்யெஸ் வர்தா: ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் சினிமா" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தலைப்புக் கொடுத்த நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வர்தாவைப் பற்றிப் பேசுவேன், ஆனால் கொஞ்சம்தான். மிச்ச நேரத்தை, இதே பெங்களூரில் இருந்துகொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆவணப்படம் எடுத்துவரும் தீபா தன்ராஜுக்குக் கொடுக்கப்போகிறேன். வர்தா என்றதும் பாதிப் பேர் தலையாட்டினீர்கள். தீபா தன்ராஜ் என்றதும் ஆட்டம் நின்றுவிட்டது. பாரிஸ் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, இதே ஊரின் பனசங்கரி தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த மாற்றம்.

முதலில் வர்தா. 1928-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். அப்பா கிரேக்கர், அம்மா பிரெஞ்சுக்காரர். நாடகக் குழுவுக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர், அதிகம் சினிமா பார்க்காமலே, 1954-இல் தன் முதல் படத்தை எடுக்கக் கிளம்பினார். 'லா புவாந்த் கூர்த்'. தெற்கு பிரான்சில் செத் என்ற கடற்கரை ஊரின் மீனவர்கள் அதில் தங்களையே நடித்தார்கள். பணம் இல்லாததால் நடித்தவர்களும் வேலை செய்தவர்களும் கூட்டுறவுபோலச் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டார்கள். படத்தைத் தொகுத்துக் கொடுத்தவர் அலென் ரெனே. த்ருஃபோவின் முதல் நெடும்படம் 1959-இல், கோதாரின் முதல் நெடும்படம் 1960-இல். 'புதிய அலை' என்று நாம் கொண்டாடுவதை ஐந்து வருடம் முன்னாலேயே ஒரு பெண் செய்து முடித்திருந்தார். அதற்குக் கிடைத்த மரியாதை, இளம் வயதிலேயே 'புதிய அலையின் பாட்டி' என்ற பட்டம். ஆணாக இருந்திருந்தால் தந்தை என்றிருப்பார்கள்.

பிறகு 'க்ளியோ 5 முதல் 7 வரை' வந்தது. 1985-இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய, வீடு வாசலற்றுத் திரியும் பெண்ணின் கதை வந்தது. எழுபது வயதைத் தாண்டியபின் சின்ன டிஜிட்டல் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, அறுவடைக்குப் பின் வயலில் சிதறிக் கிடப்பதைப் பொறுக்குகிறவர்களைப் பற்றிய படம் வந்தது. இடையில், 1970-களின் நடுவில் குழந்தை சிறியவன், வீட்டை விட்டு வெகுதூரம் போக முடியாது. வீட்டிலிருந்து இழுத்த மின்கம்பி எட்டும் தூரத்துக்குள் இருந்த ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, தையல்கடைக்காரர்களையே படமாக எடுத்துவிட்டார். 2019 மார்ச்சில் மறையும்வரை ஓயவில்லை.

வர்தாவை இதோடு விட்டுவிடப் போவதில்லை. 1975-இல் அவர் எடுத்த எட்டு நிமிடப் படம் ஒன்றுக்காகத் திரும்பவும் அழைப்பேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எமர்ஜென்சியில் இந்த நகரம் கொடுத்த விலை என்ன என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 'சம்ஸ்கார' படத்தில் சந்திரியாக நடித்த ஸ்நேகலதா ரெட்டியை பெங்களூர் மத்திய சிறையில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். ஆஸ்துமா நோயாளி. வெளியே விட்ட சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்துபோனார். கலைஞர்கள் அரசியலுக்கு வெளியே நிற்கலாம் என்ற நினைப்பு இங்கே பலருக்கு அன்றோடு போயிற்று. அடுத்து மதுரா வழக்கு. காவல் நிலையத்தில் மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில் போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்ததும், நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1980-இல் தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ் ஆகியோர் ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டரோடு சேர்ந்து இங்கே 'யுகாந்தர்' என்ற திரைப்படக் குழுவைத் தொடங்கியது அந்தச் சூட்டில்தான். நான்கு வருடத்துக்குள் நான்கு படங்கள். இந்தியாவின் முதல் பெண்ணியத் திரைப்படக் குழு என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

அன்றைய ஆவணப்படம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் ஓடும். அணைக்கட்டு, டிராக்டர், அமைச்சர் கையசைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கணீரென்று ஓர் ஆண் குரல். திரையில் இருக்கும் ஏழை வாயைத் திறக்கவே மாட்டார். அவருக்குப் பதிலாக அந்தக் குரல் பேசும். நம்மில் பலர் அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போயிருப்போம்.

யுகாந்தரின் முதல் படம் 'மோல்கரீண்', 1981. பூனாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் சங்கம் கட்டிய கதை. 25 நிமிடம், மராத்தி. பாத்திரம் தேய்க்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் சம்பளத்தையும் லீவையும் பற்றிப் பேசுகிறார்கள். வேலைக்காரி என்றால் தனி ஆள். ஒவ்வொரு வீட்டிலும் தனியாக மாட்டிக்கொண்டவள். அவளுக்கு ஏது சங்கம் என்று நினைத்திருந்த காலம். இன்றைக்கும் இந்த ஊரின் பல அடுக்ககங்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தனி லிஃப்ட் இருக்கிறது. அந்த லிஃப்டில் ஏறி இறங்கும் பல பெண்கள் தமிழ் பேசுகிறார்கள். நாற்பது வருடப் பழைய படம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் தீபா தன்ராஜின் புதுமை முழுதாகத் தெரிவது இரண்டாவது படத்தில். 1982-இல் வந்தது. 'தம்பாகு சாக்கிலா ஓப் ஆலி'. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

நிப்பாணி பெலகாவி மாவட்டத்து ஊர். பெங்களூரிலிருந்து பூனா போகும் நெடுஞ்சாலையில், மகாராஷ்டிர எல்லையை ஒட்டி இருக்கிறது. பீடிப் புகையிலைக்குப் பேர்போனது. 1981-இல் விலை கேட்டுச் சாலையை மறித்த புகையிலை விவசாயிகள் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அது செய்தித்தாளில் வந்தது. அந்தப் புகையிலையை அடித்து, புடைத்து, சலித்துத் தரம் பிரித்த சுமார் 3,000 பெண்களைப் பற்றி அவ்வளவாக வரவில்லை. மூடிய கிடங்கு. தூசி மூக்கிலும் கண்ணிலும் ஏறும், முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க வேலை. கூலி குறைவு. முதலாளிகளின் கை நீளும். அந்தப் பெண்கள் சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள்.

வழக்கமான படக்குழு என்ன செய்யும்? இரண்டு நாள் போய், நாலு பேரைப் பேட்டி எடுத்து, தூசி பறப்பதை அழகாகச் சூரிய ஒளிக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். யுகாந்தர் குழு அந்தப் பெண்களோடு நான்கு மாதம் இருந்தது. பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தது. எது படத்தில் வர வேண்டும், எது வேண்டாம், எதை எப்படிக் காட்டினால் மற்ற ஊர்ப் பெண்களுக்குப் பயன்படும் என்று தொழிலாளிகளும் சேர்ந்து விவாதித்தார்கள். நடந்து முடிந்த போராட்டத்தைக் கேமராவுக்காக அவர்களே திரும்ப நடித்துக் காட்டினார்கள்.

இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆவணப்படத்தில் நடிப்பா, நடந்ததைத் திரும்ப நடத்திக் காட்டினால் அது பொய் இல்லையா என்பார்கள். என் பார்வையில் அந்தப் படத்தின் மிக உண்மையான பகுதியே அதுதான். முதல் தடவை கிடங்கை விட்டு வெளியே வந்தபோது அவர்களுக்குப் பயம் இருந்திருக்கும், வேலை போய்விடுமோ என்ற நடுக்கம் இருந்திருக்கும். இரண்டாவது தடவை கேமராவுக்கு முன்னால் வரும்போது, தாங்கள் ஜெயித்ததைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். செத் ஊர் மீனவர்கள் தங்களையே நடித்தபோது கதைக்குப் பின்னணியாக இருந்தார்கள். முன்னால் பாரிஸிலிருந்து வந்த நடிகர்கள் இருவர் தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிப்பாணியில் முன்னால் வேறு யாரும் இல்லை. வர்தாமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் இந்த ஓர் இடத்தில் நிப்பாணிப் படம் ஒரு படி மேலே போகிறது என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

ஆகவே தீபா தன்ராஜின் புதுமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், கேமரா வருவதற்கு முன்பு நடந்த பேச்சில் என்பேன். கோணம், வெட்டு, ஒளி எல்லாம் அதற்குப் பிறகுதான். சினிமா விமர்சகர்களுக்கு இதைப் பாராட்ட வார்த்தை வருவதில்லை, ஏனென்றால் அது திரையில் ஒரு 'ஷாட்'டாகத் தெரியாது. படம் முடிந்த பிறகும் பேச்சு தொடர்ந்தது. 16 எம்.எம். பிரதிகளைத் தூக்கிக்கொண்டு சங்கங்களுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் போனார்கள். திரையிட்டு, விளக்கைப் போட்டு, உட்கார்ந்து பேசினார்கள்.

மூன்றாவது படம் ஹைதராபாதில், தெலுங்கில். 'இதி கதா மாத்ரமேனா', 1983. இது வெறும் கதைதானா என்ற கேள்வியே தலைப்பு. ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து எடுத்தது. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்கெடுத்த பெண்களின் வாய்மொழி வரலாற்றைப் பின்னாளில் புத்தகமாகக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். இந்தப் படம் கதைப்படம். கணவன் வீட்டில் நசுங்கும் ஒரு பெண். அடியும் உண்டு, அடிக்கு மேலான அவமானமும் உண்டு. அமைப்பினர் தங்கள் விவாதங்களிலிருந்து கதையை உருவாக்கி, காட்சிகளை மனத்துக்கு வந்தபடி பேசி நடித்தார்கள். கணவன் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்ததும் அதே 1983-இல்தான். அதே வருடம் இந்த ஊரில் பிரேமா காரந்தின் 'பணியம்மா' வந்தது, எம்.கே. இந்திராவின் நாவலிலிருந்து, பால்ய விதவை ஒருத்தியின் வாழ்க்கை. கன்னடத்தில் ஒரு பெண் இயக்கிய முன்னோடிப் படம். 1983-ஐ நாம் கிரிக்கெட் உலகக் கோப்பைக்காக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

நான்காவது 'சுதேஷா'. சிப்கோ இயக்கத்தில் நின்ற ஒரு மலைக்கிராமப் பெண்ணைப் பற்றியது. நல்ல படம், ஆனால் மற்ற மூன்றில் இருக்கும் கூட்டத்தின் சத்தம் இதில் இல்லை. ஒரே நாயகியைப் பின்தொடர்வது இந்தக் குழுவுக்கு இயல்பாக வரவில்லை என்று எனக்குப் படுகிறது.

யுகாந்தருக்குப் பிறகு தீபா தன்ராஜ் தன் பெயரில் எடுத்த படங்கள் பல. 1984-இல் ஹைதராபாதில் நடந்த மதக் கலவரத்தைப் பற்றிய 'க்யா ஹுவா இஸ் ஷஹர் கோ' 1986-இல் வந்தது. ஊர்வலங்களும் தேர்தல் கணக்கும் எப்படிக் கத்தியாக மாறுகின்றன என்று, கலவரம் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த காட்சிகளோடு சொல்லும் படம். கனமான படம், அதில் விளக்கக் குரல் கொஞ்சம் அதிகம் பேசிவிடுகிறது. இருந்தாலும் பின்னால் 1992, 2002 கலவரங்களுக்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களுக்கு அதுதான் அக்கா.

இப்போது வர்தாவைத் திரும்ப அழைக்கிறேன். 1975-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி சில பெண் இயக்குநர்களிடம் 'பெண்ணாக இருப்பது என்றால் என்ன' என்று கேட்டது. வர்தா எட்டு நிமிடத்தில் பதில் சொன்னார். கர்ப்பிணி, கிழவி, குழந்தை, சிலர் ஆடையில்லாமல், நேரே கேமராவைப் பார்த்து 'இது எங்கள் உடம்பு' என்று பேசுகிறார்கள். அன்றைய பிரான்சில் அது அறைந்தாற்போல் ஒரு பதில். அந்த நாட்டில் கருக்கலைப்பு ஏற்கெனவே குற்றம், 1920-இல் கருத்தடைப் பிரசாரத்தையும் குற்றமாக்கினார்கள். யுத்தத்தில் ஆள் குறைந்துவிட்டது, பெண்கள் பெற்றுத் தள்ள வேண்டும் என்பது அரசின் எண்ணம். 1971-இல் 343 பெண்கள் 'நானும் கருக்கலைப்புச் செய்துகொண்டேன்' என்று பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டார்கள். வர்தாவும் அதில் ஒருவர். கருக்கலைப்புச் சட்டம் 1975-இல்தான் மாறியது.

அதே 1975-இல் நம் நாட்டில் என்ன நடந்தது? எமர்ஜென்சி. இங்கே அரசுக்குப் பிரச்சினை தலைகீழ்: பெண்கள் அதிகம் பெறுகிறார்கள். 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இது. கருக்கலைப்பு 1971-லேயே இங்கே சட்டபூர்வம், பிரெஞ்சுக்காரர்களுக்கு நான்கு வருடம் முன்பே, அதற்காக இங்கே யாரும் தெருவில் இறங்க வேண்டியிருக்கவில்லை. சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம், 'நாம் இருவர் நமக்கு இருவர்'. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. பெரும்பாலும் ஆண்கள். ஆண்கள் தேர்தலில் பதில் சொன்னார்கள், அரசு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அரசுகள் ஆண்களைத் தொடத் தயங்கின. கத்தி பெரும்பாலும் பெண்கள் பக்கம் திரும்பியது. ஓர் அரசு பெறு என்கிறது, இன்னொன்று பெறாதே என்கிறது. இரண்டுமே பெண்ணைக் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் 1991-இல் தீபா தன்ராஜின் 'சம்திங் லைக் எ வார்' வந்து நிற்கிறது. 52 நிமிடம். கிராமத்தில் கு.க. ஆபரேஷன் முகாம். வரிசையாகப் பெண்கள். ஒரு டாக்டர் லாப்ராஸ்கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து அறுவை செய்தபடியே, தன் வேகத்தைப் பற்றிப் பெருமையாகப் பேட்டி கொடுக்கிறார். பெண்கள் வலியில் நெளிகிறார்கள். படம் அவரைத் திட்டவில்லை. அவரைப் பேசவிட்டு, கேமராவை அணைக்காமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆவணப்படத்தில் இதைவிடக் கடுமையான தண்டனை எனக்குத் தெரியாது.

இன்னொரு பக்கம் கிராமத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பெண் உடம்பின் உருவத்தை வரைந்து, மாதவிலக்கு, ஆசை, பிரசவம், குழந்தை இல்லாவிட்டால் வீட்டில் கிடைக்கும் பேச்சு என்று எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். முகாமில் வெறும் எண்ணாகப் படுத்திருந்தவர்களுக்கு இங்கே பேரும் குறும்பும் இருக்கின்றன. வர்தாவின் பெண்கள் ஆடை களைந்து சொன்னதை, இவர்கள் முக்காட்டோடு உட்கார்ந்து சொல்லிவிடுகிறார்கள். இரண்டு படங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இலக்கு வைத்து ஆள் பிடிக்கும் முறையை இந்திய அரசு 1996-இல் காகிதத்தில் கைவிட்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் முகாம்களையே நிறுத்து என்றது. 1991-இல் ஒரு படம் சொன்னதைச் சட்டம் கேட்க 25 வருடம் ஆயிற்று.

இப்போது நம் மொழிக்கு. தீபா தன்ராஜின் படங்கள் மராத்தியில், தெலுங்கில் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். 2011-இல் வந்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' தமிழ் பேசும் படம். இடம் புதுக்கோட்டையும் சுற்றுவட்டாரமும். பள்ளிவாசலை ஒட்டிய ஜமாத்தில் உட்காருவது ஆண்கள். கல்யாணம், தலாக், வரதட்சணை எல்லாம் அங்கே தீர்ப்பாகும். பஞ்சாயத்து யாரைப் பற்றியோ, அந்தப் பெண் உள்ளே வந்து பேச இடமில்லை. ஷரீஃபா கானமும் 'ஸ்டெப்ஸ்' அமைப்பின் பெண்களும் 2004-இல் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தைத் தொடங்கினார்கள். பெண்களே வழக்குக் கேட்பது, பெண்களே குர்ஆனை எடுத்துப் பேசுவது, தேவைப்பட்டால் காவல் நிலையம் வரை போவது. படம் அவர்கள் கூடவே அலைகிறது. ஒரே மூச்சில் சொன்ன தலாக்குக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017-இல் வந்தது. அப்போது டிவியில் ஆண்கள் ராத்திரி முழுக்கக் கத்தினார்களே, அந்த விவாதத்தை இந்தப் பெண்கள் ஆறு வருடம் முன்னால் பாயில் உட்கார்ந்து, இன்னும் தெளிவாக நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் எதிர்ப்பது ஜமாத்தின் ஆண்களை. மதத்தை யாரிடமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வெளியிலிருந்து வந்து அவர்களைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குப் படத்தில் வேலையில்லை.

அந்தப் பெண்களின் தமிழ் எனக்கு மிகவும் பிடித்தது. புதுக்கோட்டைப் பேச்சு, சுற்றி வளைக்காதது. நம் சிறுபத்திரிகைகள் ஈரான் படங்களுக்கு எத்தனை சிறப்பிதழ் போட்டிருக்கின்றன! தமிழ்நாட்டில், தமிழில் எடுத்த இந்தப் படத்துக்குச் சில பக்கங்கள்கூட ஒதுக்கி நான் பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

2018-இல் மாணவர் ரோஹித் வெமுலாவின் மரணத்தையும் அதைத் தொடர்ந்து எழுந்த மாணவர் போராட்டத்தையும் பற்றி 'வீ ஹாவ் நாட் கம் ஹியர் டு டை' எடுத்தார். நீளமான படம், இன்னும் இறுக்கியிருக்கலாம். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் மறுபடியும் பல்கலைக்கழக வாசலில் மாணவர்களோடு நின்றிருக்கிறார் என்பதைப் பார்க்கும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை.

நவ்ரோஸ் கான்ட்ராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மணி கௌலின் 'துவிதா'வுக்கு ஒளிப்பதிவு செய்தவர். தீபா தன்ராஜின் வாழ்க்கைத் துணை, யுகாந்தரின் கண். மோட்டார் பைக் பைத்தியம், ஜாஸ் பைத்தியம். 2023 ஜூனில் ஓசூர் பக்கம் நடந்த சாலை விபத்தில் போய்விட்டார். கூட்டம் பேசிக்கொண்டிருக்கும்போது, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரின் முகத்துக்கு அவர் கேமரா திரும்பும் விதத்தைப் பாருங்கள்.

யுகாந்தர் படங்களைத் தூசி தட்டி, புதுப்பித்து, மறுபடி உலகத்துக்குக் காட்டியது பெர்லினில் உள்ள ஆர்செனல் என்ற திரைப்பட நிறுவனம். ஜெர்மன்காரர்களுக்கு நன்றி. அந்த வேலையை இந்த நாட்டில் ஓர் அமைப்பு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை.

அமைப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை வைத்துவிட்டு உட்காருகிறேன். அடுத்த கூட்டத்தில் பேச்சு வேண்டாம். இயக்குநரிடம் முறையாக அனுமதி கேட்டு 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' படத்தைத் திரையிடுங்கள். அவர் இதே ஊரில் இருக்கிறார், முடிந்தால் அவரையும் அழையுங்கள். அதற்கு முன்னால் 'மோல்கரீண்' 25 நிமிடம் போட்டால், திரைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மராத்தியைத் தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம். நேரத்தை மாலை ஆறு மணிக்கு வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வையுங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அப்போதுதான் ஓய்வு. நீங்கள் வரும்போது, உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரையும் அழைத்து வாருங்கள்.